ஓவனுக்குள் ஒரு மஃப்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலிபோன் அடித்தால் எடுக்கக் கூடாது என்று குணசீலனுக்கு ஒரு கொள்கை உண்டு. அன்றைக்கு அதை மீறியதற்குக் காரணம் பசி. மொன்றியலின் வில்லரே பேட்டையில் ஒரு பழக்கடைக்கு மேல்மாடியில் இருந்த வசுமதி துப்பறியும் நிலையத்தில் உட்கார்ந்து, முந்தாநாள் வாங்கிய ரொட்டியை முறைத்துக்கொண்டிருந்தான். யாராவது புண்ணியவான் நம்பரைத் தப்பாகச் சுழற்றி, சாப்பிட வா என்று கூப்பிட மாட்டானா என்ற நப்பாசையில்தான் ரிசீவரை எடுத்தான்.

"துப்பறியும் வசுமதி மேடம் இருக்காங்களா?" பெண் குரல். நன்றாக அழுது முடித்த குரல்.

"இருக்காங்க. எதைத் துப்பறியணும்?"

"என் கல்யாணத்தை."

குணசீலன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய துருப்பிடித்த கார் மொன்றியலை விட்டு வடக்கே மலைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. அக்டோபர் மாதத்து நீண்ட வாரக்கடைசி. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. காரின் ஹீட்டர் வேலை செய்யாது. அதனால் வசுமதி புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு முன்சீட்டை அடைத்து உட்கார்ந்திருந்தாள். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தி அலுத்துப்போய்த் துப்பறிய வந்தவள். பொய் சொல்லும் மாணவிகளைப் பதினைந்து வருஷம் சமாளித்தவளுக்குத் திருடர்கள் எம்மாத்திரம்.

"எங்கே, கேசைச் சொல்லு பார்க்கலாம்" என்றாள்.

குணசீலன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாடகம் போட்டான்.

"போன் பண்ணின பொண்ணு கிரிஜா. அவ அண்ணன் சந்திரமௌலி, நம்ம ஊர்லயே லாசால் பக்கம் வீடு, இன்ஜினியர். இந்த வருஷம் நம்ம தமிழ்ச் சங்கத் தலைவர். அவர்கிட்ட ஒரு கேம்பர் இருக்கு. கார் பின்னால கட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, ஓவன் எல்லாம் உண்டு. பொண்டாட்டி அனுசூயாவைவிட அதுமேலதான் பாசம் அதிகம்னு ஊரே பேசிக்குது. சங்கத்துக் குடும்பங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு ஏரிக்கரைல கூடாரம் அடிக்க வந்தார். இன்னிக்குக் காலைல கேம்பர்ல தீ. சமையல் மூலை போச்சு. உயிர்ச்சேதம் இல்லை. தலைவரோட இடது புருவம் மட்டும் காலமாயிடுச்சு."

"அப்புறம்?"

"தீயை அணைச்சுட்டு ஓவனைத் திறந்தா, உள்ளே பாதி எரிஞ்ச மெரூன் கலர் மஃப்ளர். கிரிஜா தன் கையால பின்னி, தான் கட்டிக்கப் போற டாக்டர் பாலகிருஷ்ணனுக்குக் குடுத்த மஃப்ளர். அவர் காலைல கேம்பருக்குள்ளேருந்து வெளியே வந்ததைப் பார்த்தவங்க இருக்காங்க. உடனே அண்ணன், 'என் கேம்பரைக் கொளுத்தினவனுக்கா என் தங்கச்சி? கல்யாணம் கேன்சல்'னு கத்திட்டார். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணியிருக்கு. கல்யாணத் தேதி குறிக்கறதுக்காகப் புக் பண்ணின கால். இப்ப அதே கால்ல கல்யாணத்தை நிறுத்தப் போறாராம்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"'ஆமா, என் மஃப்ளர்தான், நான்தான் உள்ளே வெச்சேன்'ங்கறார். எதுக்குன்னு கேட்டா வாயில கொழுக்கட்டை. குத்தவாளியே ஒத்துக்கிட்டாச்சு மேடம். நாம எதுக்குப் போறோம்? கரியள்ளவா?"

"மஃப்ளரை ஓவன்ல வெச்சவன் எதுக்கு வெச்சேன்னு சொல்லிடுவான், குணா. ஈரமா இருந்தது, காய வெச்சேன்னு ஒரு வார்த்தை போதும். காரணம் சொல்லத் தெரியாம ஒத்துக்கறவன் செய்யாதவன். வேகமாப் போ."

"இதுக்கு மேல போனா வண்டி முன்னால போயிடும், சீட்டு மட்டும் ரோட்டுல நிக்கும்."

ஏரிக்கரையில் கேம்பரைச் சுற்றிச் சங்கமே கூடியிருந்தது. புகை நாற்றம் இன்னும் போகவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் எல்லாருடைய கையிலும் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு உருண்டை இருந்ததைப் பார்த்துக் குணசீலன் பரவசமானான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம் கேட்டே விட்டான். அது பச்சை உருளைக்கிழங்கு.

"தலைவர் உத்தரவுப்பா" என்றாள் அந்த அம்மாள் வெறுப்போடு. "கேம்பிங்னா கேம்பிங் மாதிரி இருக்கணுமாம். இட்லி, தோசை, சாம்பார் மூச்சு விடக் கூடாதாம். போன வருஷம் இங்கே வந்தும் நாங்க சமையலே பண்ணிட்டிருந்தோமாம், எங்களுக்கு விடுதலை குடுக்கறாராம். ரெண்டு நாளா ரொட்டியும் ஜாமும். இன்னிக்கு எல்லாருக்கும் அவரே ஓவன்ல கிழங்கு சுட்டுக் காட்டறதா இருந்தார். அதுக்குள்ள கேம்பரையே சுட்டாச்சு."

கழுத்தில் விசில் தொங்க, ஒற்றைப் புருவத்தோடு வந்தார் சந்திரமௌலி. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட.

"வாங்க மேடம், வாங்க. நல்லா செக் பண்ணுங்க. ஒயரிங்ல கோளாறா இருக்கலாம். பழைய கேம்பர் பாருங்க, ஒயரிங் சுத்த மோசம். இல்லேன்னா கேஸ் லீக்கா இருக்கலாம். எதுவா வேணா இருக்கலாம்."

"டாக்டர்தான் கொளுத்தினார்னு நீங்க சொன்னதாக் கேள்விப்பட்டேன்" என்றாள் வசுமதி.

"அவரே ஒத்துக்கிட்டாரே, நான் என்ன பண்ண முடியும்?" என்று தரையைப் பார்த்தார். "ஒயரிங்கையும் பாத்துடுங்களேன்."

"ஓவனை ஏத்தினது யாரு?"

"நான்தான். கிழங்கு வைக்கறதுக்கு முன்னால காலி ஓவனைச் சூடு பண்ணணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். குமிழைத் திருகி ஏத்திட்டு, வெளியே வந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்லிட்டிருந்தேன். புகை வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். குப்புன்னு ஜன்னல் திரையில பிடிச்சுக்கிச்சு." ஒரு காலத்தில் புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

கேம்பரை ஒட்டித் தீயணைப்பு வண்டியில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார் மார்செல். அந்தக் கிராமத்துத் தொண்டர் படையில் அவர்தான் தலைமை. மற்ற நாளெல்லாம் தெப்பனேர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடையில் பாலும் பீரும் விற்பவர். குணசீலனின் அரைகுறைப் பிரெஞ்சைக் கேட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாகப் பதில் சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றாள் வசுமதி.

"இருபது வருஷமாத் தீ அணைக்கறாராம், இப்படி ஒண்ணு பாத்ததில்லையாம். ஓவனுக்குள்ள கம்பித் தட்டு ரெண்டையும் யாரோ கழட்டி எடுத்திருக்காங்க. ரெண்டும் படுக்கைக்கு அடியில கிடந்ததாம். மஃப்ளர் ஓவனோட பின்பக்கச் சுவர்ல ஒட்டிக்கிட்டிருந்ததாம். அப்புறம்..." குணசீலன் நிறுத்தி, மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டான். "ஓவன் அடியில ஒரு க்ரெப் இருந்ததாம்."

"க்ரெப்பா?"

"பிரெஞ்சுக்காரங்க சுட்டுச் சாப்பிடற மெல்லிசு அடை."

மார்செல் தன் தொப்பிக்குள்ளிருந்து அதைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் கருகி, நடுவில் பொன்னிறம், அங்கங்கே குட்டிக் குட்டி ஓட்டை. குணசீலன் வாங்கினான், முகர்ந்தான். அடுத்த கணம் அது அவன் வாய்க்குள் இருந்தது.

"குணா! அது தடயம்!"

"மேடம், இது தோசை" என்றான் கண்ணை மூடிக்கொண்டு. "நல்ல முறுகல். உளுந்து ஒரு பிடி கம்மி. ஆனா புளிப்பு இருக்கு பாருங்க, அருமையான புளிப்பு."

மார்செலின் வாய் திறந்தபடி இருந்தது. வசுமதி திட்டுவாள் என்று குணசீலன் காத்திருந்தான். அவளோ அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னே? புளிப்பா? நிச்சயமா?"

"என் நாக்கு கோர்ட்ல சாட்சி சொல்லும்."

"ராத்திரி பக்கெட் தண்ணி மேலே ஐஸ் ஏடு கட்டியிருக்கு, அதோ பாரு. இந்தக் குளிர்ல மாவு புளிக்குமா?"

"சான்ஸே இல்லை. இந்த ஊர்ல வெளியே வெச்ச மாவு அடுத்த தேர்தலுக்குத்தான் பொங்கும். எங்க வீட்லயெல்லாம் அதுக்கு வழியே வேற. அடுப்புக்குள்ள சின்னதா ஒரு பைலட் நெருப்பு எப்பவும் எரிஞ்சிட்டிருக்கும் இல்லையா, அந்த ஓவன் தட்டையெல்லாம் கழட்டிட்டு, மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுத்தி, ராத்திரி பூரா உள்ளே..."

குணசீலன் பாதியில் நிறுத்தினான். வசுமதி சிரித்தாள். மொன்றியலில் இட்லி சாப்பிடும் வீடு ஒவ்வொன்றிலும் நடக்கிற காரியம்தான். பச்சைக்குழந்தையைப் போர்த்துவது போல மாவுக்கு ஸ்வெட்டர் போட்டு ஓவனுக்குள் தூங்க வைப்பார்கள். காலையில் மறந்து யாராவது ஓவனை ஏற்றிவிடக் கூடாதே என்று கதவில் துணியைக் கட்டி வைப்பார்கள். தலைவர் மாவுக்குத் தடை போட்ட இடத்தில், யார் கதவில் துணி கட்டுவார்கள்?

"யாரோ திருட்டுத்தனமா மாவு கொண்டு வந்திருக்காங்க" என்றாள் வசுமதி. "பாத்திரத்துக்குச் சுத்தினதுதான் அந்த மஃப்ளர். மாவு பொங்கி வழிஞ்சு மஃப்ளர் சுவத்தோட ஒட்டிக்கிச்சு. விடியறதுக்கு முன்னால பாத்திரத்தை மட்டும் உருவி எடுத்துட்டாங்க. வழிஞ்ச மாவுதான் நீ தின்ன தடயம். சரி, டாக்டரைக் கூப்பிடு."

டாக்டர் பாலகிருஷ்ணன் ஒல்லியாக, மூக்குச் சிவந்து, கழுத்தை மூட ஒன்றுமில்லாமல் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி இன்னொரு பாறையில் கிரிஜா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலிருப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"மஃப்ளரை மேல் தட்டுல வெச்சீங்களா, கீழ் தட்டுலயா டாக்டர்?"

"மேல் தட்டுல."

"உள்ளே தட்டே இல்லை."

டாக்டரின் காது வரைக்கும் சிவந்தது.

"காலைல கேம்பருக்குள்ள எதுக்குப் போனீங்க?"

அவர் கிரிஜா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மஃப்ளரைத் தேடிப் போனேன். நேத்து ராத்திரி சாப்பிடறப்ப உள்ளே கொக்கில மாட்டினேன், காலைல காணோம். நேத்து அது கழுத்துல குத்துதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசாம எழுந்து போயிட்டா. அப்புறம் அது ஓவனுக்குள்ளேருந்து வந்ததும்... கோவத்துல அவதான் தூக்கிப் போட்டிருக்கான்னு நெனச்சேன். அவ பேர் கெடக் கூடாதே. அதான் நான்னு சொல்லிட்டேன்."

"நானா போட்டேன்?" கிரிஜா எழுந்தே விட்டாள். பாறைக்குப் பாறை காது நன்றாகக் கேட்டிருக்கிறது. "குத்துதுன்னு சொன்ன நீங்கதான் எரிச்சுட்டீங்கன்னு காலைலேருந்து அழுதுட்டிருக்கேன்!"

"கிரிஜா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க? மத்தியானம் அண்ணன் போன்ல சொல்லிட்டார்னா அப்புறம் அப்பா மாத்த மாட்டார். வாக்குன்னா வாக்குங்கறவர். என் வாழ்க்கை போயிடும், அது தெரியுமா உங்களுக்கு?"

குணசீலனுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. தோசையாகத்தான் இருக்கும் என்று விழுங்கிப் பார்த்தான். அது போகவில்லை. இந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தே தீரவேண்டும் என்று அவனுக்குத் திடீரென்று ஒரு வெறி வந்துவிட்டது.

"மேடம், பாத்திரத்தைக் கண்டுபிடிச்சா ஆளைப் பிடிச்சுடலாம். ஆனா இத்தனை பெரிய இடத்துல எங்கே போய்த் தேடறது?"

"நீ தேட வேண்டாம். அதோ, ஒருத்தர் தேடி முடிச்சுட்டார்."

கூடாரங்களுக்கு நடுவே, பட்டப்பகலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், இந்த ஊரில் தீனி திருடுவதற்குப் பேர்போன ஒரு கொழுத்த ரக்கூன் நடந்து போனது. கறுப்பு முகமூடி போட்ட அதன் மூஞ்சியில் வெள்ளை மீசை. முன்னங்கால் இரண்டிலும் முழங்கை வரை வெள்ளைக் கையுறை.

"மாவு!" என்று அலறினான் குணசீலன்.

ரக்கூன் அவனைப் பார்த்தது. அவன் ரக்கூனைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தார்கள். ஒரு கூடாரக் கயிறு தடுக்கி, துணி உலர்த்திய கொடியில் கழுத்து மாட்டி, யாரோ ஒரு மாமாவின் பனியனைத் தலையில் சூடிக்கொண்டு குணசீலன் பாய்ந்தான். பின்னால் சங்கத்துக் குழந்தைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தன. அவற்றுக்குப் பின்னால், என்ன ஏது என்றே தெரியாமல், மார்செல் குழாயோடு ஓடிவந்தார். ஏரிக்கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகுக்கு அடியில் ரக்கூன் நுழைந்தது. குணசீலன் தவழ்ந்து உள்ளே போனான். கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் வந்தது. ரக்கூன் ஒரு பக்கமாகத் தப்பி ஓடியது. இன்னொரு பக்கமாக ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கைக் கட்டிப்பிடித்தபடி குணசீலன் வெளியே வந்தான். மூடி திறந்திருந்தது. உள்ளே முக்கால் தூக்கு மாவு நுரைத்துப் பொங்கி நின்றது.

"என்னா பொங்கல் பாருங்க மேடம்!"

"பாத்திரத்தைத் திருப்பு. கழுத்துக்குக் கீழே பாரு."

எவர்சில்வர் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டி வாங்குகிற சனம் நாம். கல்யாணத்துக்கு இரவல் போனாலும், கடல் தாண்டினாலும் பாத்திரம் வழி தவறக் கூடாது. குணசீலன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அ... னு... சூ... யா. அனுசூயா! தலைவரோட சொந்தப் பொண்டாட்டி! புருஷன் போட்ட தடையை மீறி, புருஷன் ஓவன்லயே மாவைத் தூங்க வெச்சு... ஆகா, கேஸ் முடிஞ்சது. வாங்க மேடம், பன்னெண்டு ஆகப்போகுது."

முகாம் அலுவலகம் ஒரு மரக் கொட்டகை. மேஜைமேல் கறுப்பு டெலிபோன், அதன் முன்னால் சந்திரமௌலி. சுற்றிலும் சங்கம். எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், தூக்கை டெலிபோன் பக்கத்தில் டங்கென்று வைத்தான் குணசீலன். மாவு தளும்பியது. மேடம் வாயைத் திறப்பதற்குள் மூச்சு விடாமல் கதையைச் சொல்லி, "இந்தம்மாதான்!" என்று அனுசூயா பக்கம் கையை நீட்டினான்.

அனுசூயா மயக்க மருந்து டாக்டர். எதற்கும் பதறாதவள். தூக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"தூக்கு என்னுதுதான். மாவும் நான் அரைச்சதுதான். ஆனா நான் கொண்டு வரலை."

"அப்படின்னா?"

"ரெண்டு வாரம் இவரோட சண்டை போட்டேன். குழந்தைங்களுக்காவது நாலு இட்லி கொண்டு போலாம்னு. முடியவே முடியாதுன்னுட்டார். கடைசில தோத்துப்போய், இந்தத் தூக்கை எங்க வீட்டு ஃப்ரிஜ்ல வெச்சுட்டுத்தான் கார்ல ஏறினேன். இது லாசால்ல இருக்கவேண்டிய தூக்கு."

குணசீலனின் கை நீட்டியபடியே அந்தரத்தில் நின்றது. வசுமதி அதைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"வீட்டைக் கடைசியாப் பூட்டினது யாரும்மா?"

அனுசூயா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் கொட்டகை முழுவதும் பார்த்தது.

"ஹீட்டரை அணைச்சேனான்னு பாக்கறேன்னு உள்ளே போனீங்க" என்றாள். "போயிட்டு வந்து, காருக்குப் பின்பக்கம் ரொம்ப நேரம் நின்னீங்க."

சந்திரமௌலியின் மீதமிருந்த புருவம் மேலும் கீழும் போனது.

"கிரிஜா, எங்க ஆபீஸ் நம்பரை உனக்கு யார் கொடுத்தாங்க?" என்று கேட்டாள் வசுமதி.

"அண்ணன்தான். நான் அழுதுட்டிருந்தேன், சட்டைப் பையிலேருந்து சீட்டு எடுத்துக் கொடுத்தார்."

"கேட்டியா குணா? குத்தவாளியே நம்மைக் கூப்பிட்டிருக்கார். கண்டுபிடிக்கறதுக்கு இல்லை. ஒயரிங், கேஸ்னு வேற எதையாவது கண்டுபிடிச்சு அவரைக் காப்பாத்தறதுக்கு."

கொட்டகையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. தலைவர் நாற்காலியில் சரிந்தார். விசில் மேஜையில் தட்டியது.

"ரெண்டு நாள் ரொட்டி எனக்கு ஆகாது" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்குள் இருக்கும் என்று யாருமே நினைத்ததில்லை. "இன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ரகசியமா ஊத்தப்பம் பண்ணிச் சாப்பிடலாம்னுதான். இருட்டுல கொக்கில என்ன தொங்கிச்சோ அதை எடுத்துச் சுத்தினேன். நாலு மணிக்கு எழுந்து தூக்கை உருவிப் படகுக்கு அடியில ஒளிச்சேன். அனு முழிச்சுக்குவாளோன்னு டார்ச் கூட அடிக்கலை. அது உள்ளேயே ஒட்டிக்கிச்சுன்னு தெரியாது. தீயணைக்கறவர் மெரூன் கலர்ல வெளியே எடுத்தப்பதான் புரிஞ்சது. எல்லாரும் நிக்கறாங்க. அத்தனை பேரையும் கிழங்கு தின்ன வெச்சிருக்கேன். என்ன சொல்றது? 'இது யார் மஃப்ளர்'னு கத்தினேன். மாப்பிள்ளை 'என்னுது'ன்னார். அப்புறம் என் வாய் தானா போயிட்டே இருந்தது. எங்கே நிறுத்தறதுன்னு தெரியலை."

"மாப்பிள்ளைங்கறீங்க?" என்றாள் அனுசூயா.

அவர் வாயைத் திறந்தார். டெலிபோன் அடித்தது.

மெட்ராஸ் லைனில் இருப்பதாக ஆபரேட்டர் சொன்னாள். மூன்று நிமிஷம். அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு வக்கீலின் போனைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத் தேதிக்காகக் காத்திருக்கும் அப்பா. சந்திரமௌலி ரிசீவரைக் காதில் வைத்தார். கிரிஜா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குணசீலன் தன்னையறியாமல் மார்செலின் கையைப் பிடித்திருந்தான். மார்செலும் விடவில்லை.

"அப்பா! மௌலி பேசறேன்! கேக்கறதா? ... கல்யாணமா? அது வந்துப்பா..." தலைவர் தங்கையைப் பார்த்தார். கண் கலங்கி, தொண்டை கிழியக் கத்தினார். "அப்பா, கேம்பர் எரிஞ்சு போச்சு! ... யாரும் இல்லப்பா! நான்தான்! நான்தான் கொளுத்தினேன்! ... இட்லி மாவுப்பா! திருட்டுத்தனமா ஓவன்ல வெச்சேன்! ... மாவு! மா... வு!"

கடல்களுக்கு அப்பால் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அப்பாவின் குரல், கொட்டகை முழுவதற்கும் கேட்கும்படி வந்தது.

"அந்தக் குளிர்லயா? புளிச்சுதாடா?"

சந்திரமௌலிக்கு அதற்கு மேல் முடியவில்லை. தோள் குலுங்கியது; அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரிசீவரைப் பக்கத்தில் நின்ற பாலகிருஷ்ணன் கையில் திணித்தார். டாக்டர் அதைக் காதில் வைத்து, வருங்கால மாமனாரிடம் முதன்முதலாகப் பேசினார்.

"நல்லா புளிச்சிருக்கு மாமா. பொங்கி வழிஞ்சிருக்கு."

"யாரு பேசறது? மாப்பிள்ளையா? ராத்திரி பூரா வெச்சீங்களா? உப்பு முன்னாலயே போட்டுட்டீங்களா?"

"அது வந்து மாமா, அரைச்சது அண்ணி..."

தேதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ் அரிசி உளுந்துக் கணக்கில் இறங்கிவிட்டது. நேரம் முடியப்போகிறது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். கிரிஜா பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"அப்பா, கிரிஜா. தை மாசம், முதல் முகூர்த்தம். எனக்கு இவர்தான். சரியா?"

"தை. சரிம்மா" என்றது மெட்ராஸ். லைன் போயிற்று.

கொட்டகை இடிந்துவிடும் போலக் கூச்சல். மார்செல் ஒரு வார்த்தையும் புரியாமல் எல்லாரையும் கட்டிப்பிடித்தார். குணசீலன் குதித்ததில் தூக்கிலிருந்த மாவு வசுமதியின் கோட்டில் தெறித்தது. அவள் கவனிக்கவே இல்லை. கிரிஜா மட்டும் ரிசீவரை ஒழுங்காக அதன் இடத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் டாக்டரின் கையைப் பிடித்தபடி, ஒற்றைப் புருவத்தோடு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த சந்திரமௌலியின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா" என்றாள். "தை மாசம் எனக்குக் கல்யாணம். அண்ணியைக் கூட்டிட்டு அவசியம் வந்துடுங்க."